எஸ்டஸ் பார்க்: இரண்டு இரவாவது தங்குங்கள்

டென்வரிலிருந்து போல்டர், லயன்ஸ் வழியாக ஒன்றரை மணி நேரம் காரோட்டினால் எஸ்டஸ் பார்க் வந்துவிடும். கொலராடோவின் ராக்கி மவுண்டன் தேசியப் பூங்காவுக்குக் கிழக்கு வாசல் இந்தச் சிற்றூர். நெடும்பயணம் போகிறவர்கள் பலர் இங்கே மதியச் சாப்பாட்டை முடித்து, மலைச் சாலையில் நான்கு படம் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள். இந்த இடத்தின் அருமையெல்லாம் விடியற்காலையில்தான். அதைப் பார்க்க வேண்டுமென்றால் முந்தின இரவு இங்கேதான் தூங்கியிருக்க வேண்டும்.

உடம்புக்கும் அதுவே நல்லது. ஊரே 7,522 அடி உயரத்தில் இருக்கிறது. சமவெளியிலிருந்து வந்த அன்றே மேலே ஏறினால் தலைவலியும் குமட்டலும் வரலாம். முதல் நாள் லேக் எஸ்டஸ் கரையோரம் காலாற நடந்துவிட்டு, நிறையத் தண்ணீர் குடித்துவிட்டுச் சீக்கிரம் படுத்துவிடுங்கள்.

கூடாரம் போடப் பூங்காவுக்குள்ளேயே இடங்கள் உண்டு. ஊருக்குப் பக்கத்தில் இருப்பவை மொரேன் பார்க், கிளேசியர் பேசின், ஆஸ்பென்கிளென். ஆறு மாதம் முன்னதாகவே ரெக்ரியேஷன்.கவ் தளத்தில் முன்பதிவு திறந்துவிடும், கோடைக்கால இடங்கள் மளமளவென்று தீர்ந்துவிடும். எனக்குப் பிடித்தது மொரேன் பார்க். பாண்டரோசா பைன் மரங்களுக்கு நடுவே கூடாரம். கீழே அகன்ற புல்வெளி. அந்தி நேரத்தில் அங்கே எல்க் மான்கள் மேய வரும். வெயிலில் காய்ந்த பைன் பட்டையின் வெடிப்பில் மூக்கை வைத்து முகர்ந்து பாருங்கள், வெனிலா வாசனை அடிக்கும். ஜூலையிலும் இரவில் குளிர் பத்து டிகிரிக்குக் கீழே போய்விடும் என்பதால் நல்ல ஸ்லீப்பிங் பேக் அவசியம்.

கரடி நடமாடும் காடு இது. சாப்பாட்டை மட்டும் பூட்டி வைத்தால் போதாது. பற்பசை, சோப்பு, தலைக்கு வைக்கும் தேங்காய் எண்ணெய் என்று வாசனையுள்ள எதுவும் கூடாரத்துக்குள் இருக்கக் கூடாது. முகாமில் இருக்கும் இரும்புப் பெட்டியில் வைத்துப் பூட்டுங்கள். புளியோதரைப் பொட்டலத்துக்கும் இதே சட்டம்தான்.

மே கடைசியிலிருந்து அக்டோபர் நடுப்பகுதி வரை, நுழைவுக் கட்டணத்தோடு நேரம் குறித்த அனுமதியும் வேண்டும். பேர் லேக் சாலைக்கு அது தனி வகை. காலை 5 மணியிலிருந்து மாலை 6 மணிவரை கேட்பார்கள். மற்ற பகுதிகளுக்கு 9 மணியிலிருந்து 2 மணிவரை. ஊரிலிருந்து அப்பா அம்மாவை அழைத்து வருகிறீர்களா? 2026 முதல், அமெரிக்காவில் வசிக்காத 16 வயது நிறைந்தவர்களுக்குத் தலைக்கு 100 டாலர் கூடுதல் கட்டணம் உண்டு. விதிகள் ஆண்டுக்காண்டு மாறக்கூடியவை, கிளம்புமுன் பூங்காவின் தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒரே ஒரு நடைதான் போக முடியும் என்றால், பேர் லேக்கிலிருந்து எமரால்ட் ஏரிக்குப் போங்கள். போக 1.8 மைல், வர 1.8 மைல். அரை மைலில் நிம்ஃப் ஏரி. கோடையில் மஞ்சள் அல்லிகள் மிதக்கும். அடுத்தது டிரீம் ஏரி. நீளமாக, ஒடுக்கமாக இருக்கும் அதன் கரையில் சற்று உட்காருங்கள். தண்ணீர் அவ்வளவு தெளிவு, அடியில் கிடக்கும் கல்லுக்கு மேலே ட்ரவுட் மீன் நீந்துவது தெரியும். காற்று எழாத காலையில் ஹாலெட் சிகரம் அப்படியே நீரில் விழுந்திருக்கும். வெயில் ஏறிய பிறகு போனால் காற்றில் நீர் கலைந்துவிடும், கூட்டமும் சேர்ந்துவிடும். கடைசியில் எமரால்ட், செங்குத்துப் பாறைகளுக்கு அடியில். ஜூன் மாதத்தில்கூட வழியில் பனி உறைந்து கிடக்கும், காலணியில் மாட்டும் முள்பட்டை கையில் இருக்கட்டும்.

நண்பகலுக்குள் இறங்கிவிடுங்கள். ஜூலை, ஆகஸ்ட் பிற்பகல்களில் இடிமழை திடீரென்று கட்டிக்கொண்டு வரும். மரங்கள் முடிந்துபோன உச்சிப் பகுதியில் மின்னலுக்கு ஒதுங்க இடமே கிடையாது. 14,259 அடி லாங்ஸ் சிகரத்துக்கு நள்ளிரவு தாண்டியதுமே ஏறத் தொடங்குகிறவர்கள் இருப்பது இதனால்தான். வழிப்போக்கராக வந்தவர் தொட வேண்டிய சிகரம் அல்ல அது.

மூன்றாம் நாள் டிரெயில் ரிட்ஜ் சாலை வழியாக மேற்கே இறங்கலாம். 48 மைல், உச்சியில் 12,183 அடி. பூங்காவுக்குள் பெட்ரோல் பங்க் இல்லை, எஸ்டஸ் பார்க்கிலேயே நிரப்பிக்கொள்ளுங்கள். இறக்கத்தில் பிரேக்கையே மிதித்துக்கொண்டிருக்காமல் சின்ன கியரில் வாருங்கள். உச்சியில் தரையோடு ஒட்டி வளரும் குட்டிச் செடிகளை மிதிக்கவே மிதிக்காதீர்கள். ஒரு தடவை நசுங்கினால் மீண்டு வரப் பல பத்தாண்டுகள் ஆகும்.

எப்போது போவது என்று கேட்டால், செப்டம்பர் பின்பாதி என்பேன். ஆஸ்பென் மரங்கள் பொன்னிறமாக மாறியிருக்கும். ஆண் எல்க் மான்கள் இணை தேடிக் கூவுவது கூடாரத்துக்குள் கேட்கும். அருகே போகாதீர்கள், 75 அடி தள்ளியே நிற்க வேண்டும் என்பது பூங்கா விதி. செப்டம்பருக்கான நுழைவு அனுமதி ஆகஸ்ட் முதல் தேதி காலை 8 மணிக்குத் திறக்கும். கணக்கு கொலராடோ நேரப்படி.