ஊட்டிக்கு டியூன் பண்ணின வண்டி திருப்பூருக்கு ஆகுமா?

மே மாத லீவு விட்டால் போதும், நம்ம ஊர்க்காரர்கள் அவிநாசி, அன்னூர், மேட்டுப்பாளையம் வழியாக ஊட்டிக்குக் கிளம்பிவிடுவோம். "மேலே போனா வண்டி இழுக்கவே மாட்டேங்குது, கரும்புகையா தள்ளுது" என்று பழைய பெட்ரோல் வண்டிக்காரர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். சிலர் மேலேயே டியூன் பண்ணிக்கொண்டு இறங்குவார்கள். அது சரியா? நம் அறிவியல் பாடத்தை வைத்தே பார்ப்போம், வாங்க.

1. புகை ஏன் வருது?

திருப்பூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 300 மீட்டர் உயரம். ஊட்டி சுமார் 2,240 மீட்டர். மேலே போகப்போக காற்று லேசாகிறது. ஊட்டியில் அதே ஒரு லிட்டர் காற்றின் எடை ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு.

1 கிராம் பெட்ரோல் சரியாக எரிய சுமார் 14.7 கிராம் காற்று வேண்டும். கார்புரேட்டரின் குறுகலான கழுத்தில் காற்று வேகமாகப் போகும்போது அங்கே அழுத்தம் குறைந்து பெட்ரோல் உறிஞ்சப்படுகிறது (பெர்னௌலி தத்துவம்). காற்று 100-லிருந்து 80 ஆகும்போது, பெட்ரோல் சுமார் 90 வரைதான் குறைகிறது. 14.7 இருந்த இடத்தில் 13தான் கிடைக்கும்.

நம்ம ஊர்க் கணக்கில் சொல்கிறேன். சாயப்பட்டறையில் துணியை 100 கிலோவிலிருந்து 80 கிலோவாகக் குறைத்துவிட்டு, சாயத்தை மட்டும் 90 பங்கு போட்டால் என்ன ஆகும்? ஷேடு டார்க் ஆகிவிடும் அல்லவா! அதேபோல் இங்கே பெட்ரோல் மிஞ்சி, புகையாகப் போகிறது.

2. நாக்கிங் ஏன் வருது?

பிளக் தீப்பொறி விட்டதும் தீ ஒரு பக்கத்திலிருந்து பரவ வேண்டும். கடைசி ஓரத்தில் இருக்கும் கலவை சூடும் அழுத்தமும் தாங்காமல், தீ வந்து சேருமுன் தானே வெடித்தால் 'டக் டக்' என்று தட்டும். அதுதான் நாக்கிங்.

பலர் உயரத்தால்தான் தட்டுது என்கிறார்கள். உண்மையில் உயரம் நாக்கிங்கைக் குறைக்கும்! காற்று குறைந்தால் சிலிண்டர் அழுத்தமும் குறையும். அமெரிக்காவில் கொலராடோ போன்ற மலைப்பகுதிகளில், சமவெளியில் விற்கும் 87 ஆக்டேனுக்குப் பதில் 85 ஆக்டேன் பெட்ரோல் விற்பது கார்புரேட்டர் காலத்தில் இதை வைத்து வந்த பழக்கம்தான்.

அப்படியானால் கல்லாறு தாண்டியதுமே ஏன் தட்டுது? அங்கே காற்று இன்னும் குறையவில்லை. வண்டி நிறைய ஆள், ஏற்றம், டாப் கியர், குறைந்த வேகம்! கியரைக் குறைத்தால் பெரும்பாலும் சத்தம் நின்றுவிடும்.

3. ஆபத்து இறங்கும்போது

ஊட்டியில் ஜெட்டைச் சின்னதாக மாற்றி, டைமிங்கையும் முன்னே தள்ளினால் அங்கே வண்டி நன்றாக இழுக்கும். ஆனால் கீழே வந்ததும் முழுக் காற்று கிடைக்கும், பெட்ரோல் பத்தாது. பெட்ரோல் பத்தாத கலவையில் இன்ஜின் சூடேறும். அழுத்தமும் கூடும், தீப்பொறியோ சீக்கிரமே விழும். மூன்றும் சேர்ந்தால் நாக்கிங் கடுமையாகி பிஸ்டனே ஓட்டையாகலாம். இரண்டு நாள் புகைக்குப் பயந்து இன்ஜினையே இழப்பதா? மேலேயே குடியிருக்கும் வண்டிக்கு மாற்றலாம். போய்வரும் வண்டிக்கு மாற்றாமல் இருப்பதே நல்லது. மாற்றினால் இறங்கும் முன் பழையபடி வைத்துவிட வேண்டும்.

புது வண்டிகளுக்கு இந்தத் தொல்லை இல்லை. 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 விதி வந்த பிறகு பெரும்பாலான பைக், மொபெட்களிலும் ஃப்யூயல் இன்ஜெக்ஷன் வந்துவிட்டது. சென்சார் காற்றை அளந்து சொல்ல, கம்ப்யூட்டர் அதற்குத் தகுந்த பெட்ரோலை மட்டும் விடுகிறது.

செய்து பாருங்கள்: மெக்கானிக் அண்ணன் பழைய வண்டியின் பிளக்கைக் கழற்றும்போது அதன் முனையைப் பாருங்கள்.
கரி படிந்திருந்தால் – பெட்ரோல் அதிகம்.
வெளுத்திருந்தால் – பெட்ரோல் குறைவு, உடனே கவனிக்கணும்.
இளம் காப்பி நிறம் – கலவை சரி!