அரிய பின்விளைவும் தொலைவழி ஒத்திகையும்

தடுப்பூசி எண்ணற்ற உயிர்களைக் காக்கிறது. எனினும், மிகச் சிலரிடம் அது இதயத்தையோ இரத்தக் குழாய்களையோ பாதிப்பதுண்டு. வாழ்நாளில் ஒருமுறைகூடக் காணாத நோய்நிலையை இனங்காண மருத்துவப் பணியாளரைப் பழக்குவது எவ்வாறு?

எத்துணை அரிது?

கோவிஷீல்டு ஊசிக்குப் பின் இரத்தக் கட்டி தோன்றியதாகக் கருதத்தக்க நிகழ்வுகள், பத்து இலட்சம் தவணைகளுக்கு 0.61 என 2021 மே மாதத்தில் மத்திய சுகாதார அமைச்சகம் அறிவித்தது. 2011 கணக்கெடுப்பின்படி, பின்னர் பிரிந்த பால்கர் நீங்கலாகத் தாணே மாவட்ட மக்கள்தொகை ஏறத்தாழ 80 இலட்சம். அனைவரும் ஒரு தவணை பெற்றாலும், இவ்விகிதப்படி ஐவரையே எதிர்பார்க்கலாம். நாளொன்றுக்கு 100 பேராக, ஆண்டுக்கு 300 நாள் ஊசி போடும் நிலையம் அத்தகைய ஒருவரைக் காண 50 ஆண்டுகளுக்கு மேலாகும்.

இதயத்தசை அழற்சி, எம்.ஆர்.என்.ஏ. வகை ஊசிகளுடன் தொடர்புடையது. 2020 டிசம்பர் முதல் 2021 ஆகஸ்டு வரை அமெரிக்காவில் பதிவானவற்றுள், ஃபைசர் ஊசியின் இரண்டாம் தவணை பெற்ற 16, 17 வயது ஆண்களிடையே இது பத்து இலட்சம் தவணைகளுக்கு ஏறத்தாழ 106 ஆக இருந்தது. பெரும்பாலோர் குணமடைந்தனர்.

அறிகுறிகள்

ஊசி போட்ட சில நாட்களில் நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், படபடப்பு ஆகியவை தோன்றும். இளைஞரின் நெஞ்சுவலியை வாயுத்தொல்லை என எண்ணி வீட்டிற்கு அனுப்பிவிடுவதே பேராபத்து. இ.சி.ஜி., இரத்தத்தில் ட்ரோபோனின் அளவு ஆகிய சோதனைகள் ஐயத்தைத் தீர்க்க உதவும்.

ஒத்திகையின் பயன்

பட்டறிவு கிட்டாத இடத்தில் ஒத்திகையே ஆசான். 2021 சனவரி 8 அன்று மகாராஷ்டிரம் உட்பட நாட்டின் 700க்கும் மேற்பட்ட மாவட்டங்களில் நடந்த தடுப்பூசி ஒத்திகையில், பின்விளைவுகளைக் கையாளுதலும் இடம்பெற்றது.

தொலைவழி முறையில் பயிற்றுநர் நகர மருத்துவக் கல்லூரியில் இருப்பார். பணியாளர்கள் தம் நிலையத்திலேயே இருப்பர். ஒருவர் நோயாளியாக நடிப்பார். நாடித்துடிப்பு, இரத்த அழுத்தம் ஆகியவற்றைப் பயிற்றுநர் திரைவழியே மாற்றிக்கொண்டே வருவார். யாரை அழைப்பது, எங்கு அனுப்புவது என்பதைப் பணியாளர்கள் முடிவு செய்ய வேண்டும். இறுதியில் நடைபெறும் கலந்துரையாடலே பாடத்தின் உயிர்நாடி. மார்பை அழுத்திக் காட்டுதல் போன்ற கைத்திறன்களுக்கு மட்டும் நேர்முகப் பயிற்சி வேண்டும்.

அலுவலர் கடமை

கடுமையான நிகழ்வை மாவட்டத் தடுப்பூசி அலுவலருக்கு உடனே அறிவிப்பதும் ஒத்திகையின் ஒரு பகுதியாக வேண்டும். மறைக்கப்படும் ஒரு நிகழ்வு ஆயிரம் வதந்திகளுக்கு வித்தாகும். முறையாக ஆராய்ந்து வெளியிடப்படும் நிகழ்வு மக்களின் நம்பிக்கையை வளர்க்கும்.