மஞ்சள் காட்டி மறையும் பூச்சி

கேள்வி: பழைய ரப்பர் தோட்டத்துச் செம்மண் சடக்கில் நடந்தால், மஞ்சள் இறக்கை தெரியப் பறந்து, தரையில் விழுந்ததும் மாயமாகிவிடுகிறதே, என்ன பூச்சி அது? தோட்டத்துக்குக் கெடுதலா? (வாசகி, ஈப்போ)

பதில்: உருவில் சிறியதென்றால், பெரும்பாலும் டிரைலோஃபிடியா அனுலாட்டா. 1815இல் துன்பெர்க் விவரித்த பட்டை இறக்கை வெட்டுக்கிளி, தமிழ்நாட்டிலும் உண்டு. மேலிறக்கை அப்படியே மண் நிறம். மஞ்சளும் அதன் வெளியோரக் கருமையும் உள்ளே மடிந்திருக்கும் பின்னிறக்கையில். துரத்தும் பறவை மஞ்சளையே தேடி ஏமாறும். நல்ல தந்திரம்தான்!

அடர்ந்த பால்மர நிழல் இதற்கு ஆகாது; வெயில் காயும் வெறுந்தரை வேண்டும். சடக்கோரத்திலும், கிந்தா பள்ளத்தாக்கில் ஈய லம்பங்கள் விட்டுப்போன மணல்வெளியிலும் தேடிப் பாருங்கள். படையெடுக்கும் வெட்டுக்கிளிக்கு உறவுதான். ஆனால் இது அப்படிக் கூட்டம் சேராது. மருந்தடிக்க வேண்டாம்.