வீட்டு சர்வருக்கு கிகாபிட் நெட்வொர்க் கார்டு: வாங்கும் முன் கவனிக்க வேண்டியவை

வீட்டிலுள்ள எல்லா கம்ப்யூட்டர்களுக்கும் பொதுவாக ஃபைல்களைச் சேமித்து வைத்துத் தரும் கம்ப்யூட்டரே வீட்டு சர்வர். மூலையில் கிடக்கும் பழைய டெஸ்க்டாப் இதற்குப் போதும். கல்யாண வீடியோ, குழந்தைகளின் போட்டோக்கள் ஆகியவற்றின் இன்னொரு பிரதி அதில் இருந்தால், லேப்டாப் பழுதானாலும் அவை தப்பிவிடும். வீட்டுக்குள் ஃபைல்களை அனுப்ப இன்டர்நெட் தேவையில்லை. எனவே கல்வராயன் மலையின் வெள்ளிமலையில் சிக்னல் இல்லாத நாளிலும் இது வேலை செய்யும்.

பழைய டெஸ்க்டாப்பின் நெட்வொர்க் போர்ட் விநாடிக்கு 100 மெகாபிட் வேகம் கொண்டதாக இருக்கலாம். 8 பிட் சேர்ந்தது 1 பைட். ஆகவே விநாடிக்கு 12.5 மெகாபைட்டுக்கு மேல் செல்லாது. 100 ஜிபி ஃபைல்களை காப்பி செய்திட இரண்டேகால் மணி நேரமாவது ஆகும். நடுவில் கரண்ட் போனால் காப்பி பாதியில் நின்றுவிடும். கிகாபிட் என்பது இதைப் போல 10 மடங்கு வேகம். ஹார்ட் டிஸ்க் ஈடுகொடுத்தால் கால் மணி நேரத்தில் முடியும். கார்டு தேர்ந்தெடுக்கும் வழிகளைப் பார்ப்போம்.

1. தேவையா? டிவைஸ் மேனேஜரில் நெட்வொர்க் அடாப்டர்ஸ் பிரிவைத் திறக்கவும். பெயரில் கிகாபிட் அல்லது ஜிபிஇ என்று இருந்தால் கார்டே வாங்க வேண்டாம். எஃப்இ என்றிருந்தால் அது 100 மெகாபிட்தான்.

2. ஸ்லாட்: பழைய பிசிஐ ஸ்லாட்டின் உச்ச வேகம் விநாடிக்கு 133 மெகாபைட். அதையும் மற்ற பிசிஐ கார்டுகளோடு பகிர வேண்டும். மதர்போர்டில் சிறிய பிசிஐ எக்ஸ்பிரஸ் ஸ்லாட் இருந்தால் அதற்கான கார்டையே வாங்கவும்.

3. சிப்: பெட்டியின் மேலுள்ள பெயரைவிட உள்ளேயிருக்கும் சிப் முக்கியம். ரியல்டெக் ஆர்டிஎல் 8111 வகை விலை குறைவு. விண்டோஸ், லினக்ஸ் இரண்டிலும் இயங்கும். இன்டெல் சிப் நல்ல பெயர் பெற்றது, விலை கூடுதல். ஆனால் போலி இன்டெல் கார்டுகளும் சந்தையில் உண்டு. மிக மலிவாகக் கிடைத்தால் சந்தேகப்படுங்கள். வீட்டு உபயோகத்திற்கு நான் சிபாரிசு செய்வது ரியல்டெக்.

4. கேபிள்: 100 மெகாபிட்டுக்கு 4 கம்பிகள் போதும், கிகாபிட்டுக்கு 8 கம்பிகளும் வேண்டும். கேட் 5இ அல்லது கேட் 6 கேபிளில், முழுச் செம்புக் கம்பி உள்ளதாகக் கேட்டு வாங்கவும். செம்பு பூசிய அலுமினியம் வேண்டாம். ரவுட்டர் அல்லது சுவிட்சின் போர்ட்டும், எதிர்முனையிலுள்ள லேப்டாப்பின் போர்ட்டும் கிகாபிட்டாக இருக்க வேண்டும். ஒன்று குறைந்தாலும் வேகம் 100-க்கு இறங்கிவிடும்.

கார்டைப் பொருத்தியபின் நெட்வொர்க் கனெக்ஷன்ஸ் பகுதியில் ஈதர்நெட் மீது ரைட் கிளிக் செய்து ஸ்டேட்டஸ் பார்க்கவும். வேகம் 1.0 ஜிபிபிஎஸ் என்றிருந்தால் சரி. 100 எனக் காட்டினால் கார்டைக் குறை சொல்லுமுன் வேறு கேபிளை மாட்டிப் பாருங்கள். கார்டை மாற்றுவதற்காக கள்ளக்குறிச்சியிலிருந்து சேலம் வரை அலையும் செலவு மிச்சமாகலாம்.