மூவளையச் சேர்மங்களும் மருந்துகளும்

வேதியியல் என்ற சொல்லைக் கேட்டதும் நம் நண்பர்கள் பலர்க்கு நினைவில் எழுவன சோதனைக் குழாயும், மூக்கைத் துளைக்கும் நெடியும், தேர்வுக்கு முந்திய இரவில் உருப்போட்ட வாய்பாடுகளுமே. கரும்பலகையில் நாம் வரையும் அறுகோணங்கள் பல நம் வீட்டு மருந்துப் பெட்டியில் மாத்திரைகளாக இருக்கின்றன என்பதை எண்ணிப் பார்ப்போர் சிலரே. அவற்றுள் மூன்று வளையங்கள் ஒட்டி நிற்கும் ஒரு சேர்மக் குடும்பத்தைப் பற்றி இக்கட்டுரையில் கூற விரும்புகிறேன். கலைப் பிரிவில் பயிலும் நண்பர்களும் படிக்கும் மலர் இது. ஆதலின் வாய்பாடுகளைத் தவிர்த்துக் கருத்தை மட்டும் விளக்க முயல்வேன்.

மூன்று வளையம் என்பது யாது?

ஆறு கரியணுக்கள் கைகோத்து வட்டமாக நின்றால் அது பென்சீன் வளையம். அத்தகைய இரண்டு வளையங்கள் ஒரு பக்கத்தைப் பொதுவாகக் கொண்டு ஒட்டினால் அது நாப்தலீன். துணிப் பெட்டியில் போட்டு வந்த பழைய அந்துருண்டை இதுதான். மூன்று வளையங்கள் ஒரே வரிசையில் ஒட்டினால் அது ஆந்த்ரசீன். 1832 இல் தூமா, லொரான் என்னும் பிரெஞ்சு அறிஞர் இருவர் இதை நிலக்கரித் தாரிலிருந்து பிரித்தெடுத்தனர்.

இதை மனத்தில் பதிக்க ஓர் உவமை கூறலாம். இரயில்வே ஊழியர்க்குக் கட்டிய வரிசை வீடுகளை நாம் பார்த்திருக்கிறோம். மூன்று வீடுகள் ஒட்டி நிற்கின்றன என்று கொள்வோம். நடுவீட்டுக்கு இரு பக்கமும் பொதுச் சுவர். அதற்கே உரியவை வாசல் ஒன்று, கொல்லைப்புறம் ஒன்று. ஆந்த்ரசீனின் நடு வளையமும் அப்படித்தான். அதன் ஆறு அணுக்களில் நான்கு பக்கத்து வளையங்களோடு பொதுவானவை, எஞ்சியவை இரண்டே. ஓரத்து வீடுகளை அப்படியே விட்டுவிட்டு, நடுவீட்டின் வாசலையும் கொல்லையையும் மாற்றி மாற்றி அமைத்ததே இக்குடும்பத்தின் வரலாற்றில் பெரும்பகுதி எனலாம்.

கொல்லையிலுள்ள கரியணுவை எடுத்துவிட்டு நைட்ரஜன் அணுவை வைத்தால் அக்ரிடீன். கொல்லையில் நைட்ரஜன் இருக்க, வாசலில் கந்தகத்தை வைத்தால் பீனோதயசீன். வாசல், கொல்லை இரண்டிலும் ஆக்ஸிஜன் வந்து ஒட்டிக்கொண்டால் ஆந்த்ரகுவினோன். கொல்லையில் நைட்ரஜனை வைத்து, வாசல் அணுவை நீக்கி, நடுவீட்டை ஐந்து மூலையாகச் சுருக்கினால் கார்பசோல். வாசலில் இரண்டு கரியணுக்களை வைத்து ஏழு மூலையாக விரித்தால் இமினோடைபென்சில். பெயர்களை நினைவில் வைக்க வேண்டுவதில்லை. ஓரிரண்டு அணுக்களை மாற்றினால் பொருளே வேறாகிறது என்பதை மட்டும் நினைவிற் கொண்டால் போதும்.

சாயமே முதலில் வந்தது

இக்குடும்பத்தில் மனிதன் நெடுநாளாகப் பயன்படுத்தி வந்தவற்றுள் சாயங்கள் முதன்மையானவை. சோழமண்டலக் கரையிலிருந்து ஐரோப்பாவுக்குக் கப்பலேறிய துணிகளின் சிவப்பு, சாயவேர் என்னும் சிறு செடியின் வேரிலிருந்து கிடைத்தது. நமக்கு அருகிலுள்ள காளத்தியின் கலம்காரித் துணிகளுக்கும் பழைய சிவப்பு அதுவே. அந்த வேரிலுள்ள அலிசரின் என்பது ஆந்த்ரகுவினோன் வகையைச் சேர்ந்த மூவளையச் சேர்மம். 1868 இல் கிரேபே, லீபர்மன் என்னும் ஜெர்மானியர் அதை ஆந்த்ரசீனிலிருந்து ஆய்வுக்கூடத்திலேயே ஆக்கிக் காட்டினர்.

மூவளையம் நம் சமையலறைக்கும் புதியதன்று. கறிவேப்பிலைச் செடியிலிருந்து முர்ராயனின் என்னும் கார்பசோல் பொருளைப் பிரித்து, அதன் அமைப்பை 1965 இல் கல்கத்தாவைச் சேர்ந்த சக்கரவர்த்தியும் அவருடைய தோழர்களும் வெளியிட்டனர். இரத்த அழுத்தத்துக்கும் இதயத் தளர்ச்சிக்கும் இன்று தரப்படும் கார்வெடிலால் மாத்திரையிலும் கார்பசோல் உண்டு. திருநெல்வேலிச் சீமையில் பயிராகும் நிலவாகை இலையின் பேதி மருந்துக்கும் அடிப்படை ஆந்த்ரசீன் அமைப்பே.

ஆயினும், சாயத்தை மருந்தாக்கும் எண்ணத்துக்கு வழி திறந்தது ஒரு நீலச் சாயம். 1876 இல் ஹைன்ரிக் காரோ என்பவர் ஜெர்மனியின் பி.ஏ.எஸ்.எப். தொழிற்சாலையில் மெத்திலீன் நீலத்தை உண்டாக்கினார். துணிக்குச் சாயமாக வந்த இதனைப் பால் ஏர்லிக் என்னும் மருத்துவர் உயிர்த் திசுக்களில் செலுத்திப் பார்த்தார். அது நரம்புகளைத் தேடிச் சென்று பற்றியது. மலேரியாக் கிருமியையும் பற்றியது. ‘ஒரு பொருள் கிருமியை மட்டும் பற்றுமானால், அதைக் கொண்டே அக்கிருமியைக் கொல்லலாகாதா?’ என்பது ஏர்லிக்கின் வினா. 1891 இல் அவரும் குட்மன் என்பவரும் மலேரியா நோயாளர் இருவர்க்கு இச்சாயத்தைக் கொடுத்தனர், காய்ச்சல் தணிந்தது. ஆய்வுக்கூடத்தில் செய்த ஒரு பொருள் கிருமி நோய்க்கு மருந்தானதற்குத் தொடக்க காலச் சான்று இது.

குவினைன் அளவுக்கு இது வல்லதாகவில்லை. எனினும் வழி புலனாகிவிட்டது. 1930களில் அக்ரிடீன் வளையத்தைக் கொண்டு மெபாக்ரின் என்னும் மஞ்சள் மருந்து ஜெர்மனியில் உருவானது. 1942 இல் சாவகத் தீவு ஜப்பானியர் வசமானதும் நேச நாடுகளுக்குக் குவினைன் வரத்து நின்றது. அப்போது பல்லாயிரம் போர்வீரர்களை மலேரியாவிலிருந்து காத்தது இம்மஞ்சள் மாத்திரையே. உண்டவர் தோலும் மஞ்சளாயிற்று. சாயத்தின் பிறவிக் குணம் எளிதில் போய்விடுமா? நம் நாட்டில் இலக்னோவிலுள்ள மத்திய மருந்து ஆராய்ச்சி நிலையத்தார் அக்ரிடீன் அமைப்பிலிருந்தே சென்ட்புக்ரிடீன் என்னும் மரப்பு மருந்தை ஆக்கியுள்ளனர்.

அமைதி தந்த மருந்து

மெத்திலீன் நீலத்தின் அமைப்பை ஆராய்ந்த பெர்ன்ட்சன் என்பவர் 1883 இல் அதன் மூலமான பீனோதயசீனைச் செய்தார். இது நெடுங்காலம் மனித மருந்தாகவில்லை. பூச்சி கொல்லவும் கால்நடைகளின் குடற்புழுவை நீக்கவும் பயன்பட்டது. பின்னர்ப் பிரான்சு நாட்டு ரோன்-புலாங்க் நிறுவன வேதியியலார், இதன் நைட்ரஜன் அணுவில் சிறு கரிச் சங்கிலியொன்றைத் தொங்கவிட்டு, அதன் முனையில் மற்றொரு நைட்ரஜனை வைத்துப் பார்த்தனர். ஒவ்வாமைக்கும் குமட்டலுக்கும் இன்றும் தரப்படும் புரோமெதசீன் இவ்வாறு பிறந்தது. அதை உண்டவர்க்கு உறக்கம் வந்ததைக் கண்டு அந்த வழியிலே மேலும் சென்றனர்.

1950 டிசம்பரில் பால் ஷார்பாந்தியே என்பவர் தொங்கும் சங்கிலியை மூன்று கரியணு நீளமாக்கி, ஓர வளையத்தில் ஒரு குளோரின் அணுவைச் சேர்த்தார். அதுவே குளோர்ப்ரோமசீன். ஆன்றி லபோரி என்னும் கடற்படை அறுவை மருத்துவர், அறுவைக்குமுன் இதைப் பெற்றவர்கள் நினைவு தப்பாமலே கலக்கம் நீங்கி இருப்பதைக் கண்டார். 1952 இல் பாரிசு சாந்த்-ஆன் மருத்துவமனையில் தெலே, தெனிக்கர் என்னும் இரு மருத்துவர்கள் இதை மனநோயாளர்க்குக் கொடுத்தனர். ஓயாது கூச்சலிட்டவர்கள், காதில் ஒலிக்கும் குரல்களோடு போராடியவர்கள், பிறரைத் தாக்க முற்பட்டவர்கள் சில நாள், சில வாரங்களில் அமர்ந்து பேசினர். அதற்குமுன் பூட்டும் கட்டும் குளிர்நீரும் அன்றி, அவர்கட்குச் செய்யக்கூடியது மிகக் குறைவாகவே இருந்தது.

இம்மருந்து எவ்வாறு வேலை செய்கிறது? மூளையின் நரம்பணுக்கள் ஒன்றுக்கொன்று செய்தியனுப்பச் சில பொருள்களைப் பயன்படுத்துகின்றன. அவற்றுள் டோபமின் ஒன்று. டோபமின் வந்து அமர வேண்டிய இடத்தில் குளோர்ப்ரோமசீன் அமர்ந்துகொள்கிறது. வரம்பு மீறிய செய்தி தணிகிறது. இந்த அறிவு மருந்துக்குப் பின்னரே வந்தது; 1963 இல் ஸ்வீடன் நாட்டுக் கார்ல்சனின் ஆய்வே இதற்கு வழிகாட்டியது.

கந்தகம் போய்க் கரி வந்தது

இனி, ஒரு சிறு மாற்றம் எவ்வளவு பெரிய வேறுபாட்டை விளைவிக்கும் என்பதற்கு இக்குடும்பத்தின் சிறந்த சான்றைக் கூறுகிறேன். இமினோடைபென்சில் 1899 இலேயே செய்யப்பட்டது. அரை நூற்றாண்டுக்குப் பின் சுவிட்சர்லாந்தின் கெய்கி நிறுவனத்தார் இதனோடு குளோர்ப்ரோமசீனில் உள்ள அதே மூன்று கரியணுச் சங்கிலியைக் கட்டினர். அதுவே இமிப்ரமின். ரோலண்டு கூன் என்னும் மருத்துவர் இதை மனச்சிதைவு நோயாளர்க்குக் கொடுத்தார், பயனில்லை. மனச்சோர்வில் ஆழ்ந்தவர்க்குக் கொடுத்தார். அவர்கள் எழுந்து நடமாடினர், உண்டனர், பேசினர். 1957 இல் சூரிக் நகர மாநாட்டில் இதை அவர் அறிவித்தபோது கேட்டவர் ஏறத்தாழ 12 பேர் என்பர்.

இரு மருந்துகளையும் அருகருகே வரைந்து பாருங்கள். வாசலிலே கந்தகத்துக்குப் பதில் இரண்டு கரியணுக்கள், குளோரின் இல்லை, வேறு பெரிய வேறுபாடு இல்லை. ஆனால் வடிவம் மாறிவிட்டது. பீனோதயசீன் வளையங்கள் பாதி திறந்த புத்தகம்போல் நடுவில் மடிந்தவை. ஏழு மூலை வளையமோ இன்னும் அதிகமாக மடிந்து சற்று முறுக்கியும் நிற்கிறது. அமரும் இடமும் வேறாகிறது. இமிப்ரமின், நரம்பணு வெளியிட்ட நாரட்ரீனலின், செரடோனின் ஆகிய செய்திப் பொருள்களை அது மீண்டும் உள்ளிழுத்துக் கொள்ளாதபடி தடுக்கிறது. இவ்வுள்ளிழுப்பைப் பற்றிய ஆய்வுகளுக்காக ஜூலியஸ் ஆக்சல்ராடு 1970 இல் நோபல் பரிசில் பங்கு பெற்றார்.

இமிப்ரமினைத் தொடர்ந்து அமிட்ரிப்டிலின் வந்தது. மனச்சோர்வுக்கு மட்டுமன்றி நரம்பு வலிக்கும், அடிக்கடி வரும் ஒற்றைத் தலைவலிக்கும் குறைந்த அளவில் இது தரப்படுகிறது. இதே ஏழு மூலைக் கூட்டத்தைச் சேர்ந்த கார்பமசபின் வலிப்பு நோய்க்கும் முகநரம்பு வலிக்கும் உதவுகிறது. அதை உண்பவர்க்குத் தோலில் தடிப்போ கொப்புளமோ கண்டால் உடனே மருத்துவரிடம் செல்ல வேண்டும்.

மாத்திரையும் சங்கிலியும்

நான் பாகாலாவில் வளர்ந்த தமிழன். என் பாட்டனார் இரயில்வே வேலைக்காக இங்கே வந்து தங்கினார். எங்கள் நிலையத்திலிருந்து சித்தூர் வழியாகக் காட்பாடி செல்லும் வண்டிகளில், கையில் மருத்துவத் தாள்களோடு வேலூர் செல்வோர் பலரைக் காணலாம். அங்குள்ள கிறித்துவ மருத்துவக் கல்லூரியின் மனநல நிலையம் 1957 இல் தொடங்கியது. நோயாளரைத் தனியே அடைத்து வைக்காமல் குடும்பத்தாரும் உடன் தங்கும் முறையைக் கைக்கொண்ட முன்னோடி நிலையம் அது.

சென்ற ஆண்டு எங்கள் தெரு அம்மாள் ஒருவர் தம் மகனுக்குத் தந்த மாத்திரை அட்டையைக் கொண்டுவந்து காட்டினார். அமிட்ரிப்டிலின். “தம்பி, பத்து நாள் தின்னான். வாய் காய்ஞ்சதுதான் மிச்சம், மனசு தேறலை. தூக்க மாத்திரை, பழகிட்டா விடாதுன்னு வேறே சொல்றாங்க. அதான் நிறுத்திட்டேன்” என்றார்.

இந்த அம்மாள் கூறியதில் பாதி உண்மை. இம்மருந்து அசிட்டைல்கோலின் என்னும் வேறொரு செய்திப் பொருளின் இடத்தையும் முதல் நாளே அடைத்துக்கொள்கிறது; வாய் உலர்வதும் மலம் கட்டுவதும் அதனால்தான். ஆனால் மனம் தேறுவதற்கு இரண்டு முதல் நான்கு வாரங்கள் ஆகின்றன. தொல்லை முதலில் வருகிறது, நன்மை பின்னால் வருகிறது. இது கள்ளையோ கஞ்சாவையோ போல் மேலும் மேலும் வேண்டும் என்று ஆசையைத் தூண்டும் பொருளன்று. எனினும் திடீரென நிறுத்துவதும் தவறு, மருத்துவர் சொற்படியே படிப்படியாகக் குறைக்க வேண்டும். அளவு மீறினால் இதயத் துடிப்பையே கெடுக்கும். ஆகவே வீட்டில் பொறுப்பான ஒருவர் கையில் இருக்க வேண்டும். இவ்வளவையும் எனக்குத் தெரிந்த மட்டில் கூறினேன். அடுத்த வாரமே அவர் மகனை அழைத்துக்கொண்டு வேலூருக்கு வண்டியேறினார்.

எல்லாரும் அவ்வாறு வண்டியேறுவதில்லை. 2001 ஆகஸ்டு 6 ஆம் நாள் இராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில் மனநோயாளர் காப்பகம் ஒன்று தீப்பற்றியது. சங்கிலியில் கட்டப்பட்டிருந்தவர்கள் தப்பியோட இயலவில்லை. 28 பேர் மாண்டனர். குளோர்ப்ரோமசீன் பிறந்து 50 ஆண்டுகள் நிறைந்திருந்த காலம் அது. 2017 ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், நோயாளரை எவ்வகையிலும் சங்கிலியில் பிணைக்கலாகாது என்று விதித்துவிட்டது. கோயிலுக்கும் தர்காவுக்கும் சென்று ஆறுதல் தேடுவதை நான் குறை கூறவில்லை. மருந்தை விட்டுவிட்டுச் செல்வதே குறை.

மருந்துகளுக்கும் குறை உண்டு என்பதை மறைக்கலாகாது. குளோர்ப்ரோமசீனை நெடுநாள் உண்பவர் சிலர்க்குக் கைநடுக்கமும் உடல் விறைப்பும், வாய், நாக்கின் தன்னிச்சை அசைவும் வருகின்றன. புதிய மருந்துகள் பல வந்துவிட்டன. எதைத் தருவது என்று தீர்மானிப்பது மருத்துவர் பொறுப்பு. ஆயினும் குளோர்ப்ரோமசீன், அமிட்ரிப்டிலின், கார்பமசபின் மூன்றும் உலக நலவாழ்வு நிறுவனத்தின் இன்றியமையா மருந்துப் பட்டியலில் இன்றும் உள்ளன.

நாம் செய்யக்கூடியது

சங்கிலியை அறுக்கக்கூடிய பொருளை வேதியியலார் கண்டுபிடித்துத் தந்துவிட்டனர். அது வேலை செய்ய வேண்டுமானால், அது மருந்து என்பதை வீட்டில் ஒருவராவது அறிந்திருக்க வேண்டும். மாத்திரை அட்டையின் எழுத்து நம் தாய்மார் பலரால் படிக்க முடியாத எழுத்து. நாமோ படிக்கத் தெரிந்தவர்கள். அறிவியல் பயிலும் மாணவரே அதை விளக்க வேண்டும் என்பதில்லை. இதுகாறும் இக்கட்டுரையைப் படித்த தமிழிலக்கிய மாணவரும் விளக்கலாம். விடுமுறைக்கு ஊர் செல்லும் தோழர்களே, உங்கள் தெருவில் எவரேனும் மாத்திரையை நான்காம் நாளே நிறுத்தியிருந்தால், ஏன் என்று கேளுங்கள். தமிழிலோ தெலுங்கிலோ, அவர்க்குப் புரியும் சொல்லால் எடுத்துரையுங்கள். மருத்துவரிடம் மீண்டும் அனுப்பி வையுங்கள்.