நடவு வயலில் உழைப்பின் பாரத்தை அளந்தறிதல்

நிலத்தை அளக்கிறோம், விதையை அளக்கிறோம், விளைந்த நெல்லையும் அளக்கிறோம். அந்நெல்லை விளைவிப்போரின் முதுகும் தோளும் தாங்கும் பாரத்தை மட்டும் நாம் அளப்பதில்லை. ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்யும் வேலைகளில் உடலுக்கு நேரக்கூடிய கேட்டை முன்னரே கண்டறியும் வழியை, நடவு வேலையைச் சான்றாகக் கொண்டு ஆராய்வோம்.

மத்திய கால நெல் இரகங்களை 20 செ.மீ.க்கு 10 செ.மீ. இடைவெளியில் நடுமாறு பரிந்துரைக்கப்படுகிறது. அதாவது, சதுர மீட்டருக்கு 50 குத்துகள்; ஏக்கருக்கு ஏறக்குறைய 2 இலட்சம் குத்துகள். பதினாறு பெண்கள் ஒரே நாளில் ஓர் ஏக்கரை நட்டு முடிப்பதாகக் கொண்டால், ஒவ்வொருவர் கையும் சுமார் 12,500 முறை சேற்றில் இறங்கி எழுகிறது. அவ்வளவு நேரமும் இடுப்பு வளைந்தே இருக்கிறது. மாலையில் தோன்றும் வலியை வயதின் மேலும் வாடைக் காற்றின் மேலும் சுமத்துதல் முறையன்று.

கேட்டை அறிய நான்கு கேள்விகள் போதும். உடல் எந்நிலையில் இருக்கிறது? ஒரே அசைவு எத்தனை முறை நிகழ்கிறது? எவ்வளவு பலம் செலவாகிறது? இடையில் ஓய்வு உண்டா?

பின்லாந்து நாட்டு எஃகுத் தொழிலில் உருவாகி 1977இல் வெளியான ‘ஓவாஸ்’ என்னும் முறை முதுகு, கை, கால், சுமை ஆகியவற்றைக் குறித்த இடைவெளியில் பார்த்துக் குறித்துக்கொள்வதாகும். இதன் எளிய வடிவத்தை ஊராட்சி உறுப்பினரும் கையாளலாம். வரப்பில் நின்று, நிமிடத்திற்கு ஒரு முறையாக அரை மணி நேரம் ஒருவரைக் கவனித்து, முதுகு நிமிர்ந்துள்ளதா, குனிந்துள்ளதா, திரும்பியுள்ளதா, குனிந்தவாறே திரும்பியுள்ளதா எனக் குறிக்க வேண்டும். முப்பது குறிப்புகளில் பெரும்பாலானவை குனிந்த நிலையைக் காட்டினால் மாற்றம் தேவை. குனிந்தவாறே திரும்புதல் அடிக்கடி காணப்பட்டால் அதனை முதலில் களைய வேண்டும். பார்க்கப்படுபவரிடம் நோக்கத்தைச் சொல்லி, வலிக்கும் இடத்தையும் கேட்டறிதல் இன்றியமையாதது.

காரணம் தெரிந்தால் பரிகாரமும் தெரியும். நாற்று முடிகளைக் கைக்கெட்டும் தொலைவில் பரப்பி வைத்தால் உடலைத் திருகி எடுக்க வேண்டியதில்லை. மணிக்கு ஒரு முறை சில நிமிடங்கள் நிமிர்ந்து நிற்க இடந்தரலாம். நடுவோரும் முடி சுமப்போரும் முறை மாற்றிக்கொள்ளலாம். ஆனால் சுமை அளவாக இருத்தல் வேண்டும். எல்லா வசதிகளும் பொருந்திய நிலையிலும் 23 கிலோவுக்கு மேல் தூக்குதல் தகாதென அமெரிக்கத் தொழில் நல ஆய்வு நிறுவனத்தின் 1991ஆம் ஆண்டுக் கணக்கு கூறுகிறது. நம் யூரியா மூட்டையோ 45 கிலோ! அதனை இருவராகத் தூக்குவதே நன்று.

செம்மை நெல் சாகுபடியில் 25 செ.மீ. சதுர நடவினால் குத்துகள் சதுர மீட்டருக்கு 16 ஆகக் குறைகின்றன. நின்றவாறே கோனோ களைக்கருவியைத் தள்ளவும் இயலும். எனினும், கைப்பிடியின் உயரம் தள்ளுபவருக்குப் பொருந்தாவிடில் முதுகின் பாரம் தோளுக்கு மாறிவிடும். ஆகவே, மாற்றம் செய்த பின்னரும் ஒரு முறை அளந்து பார்க்க வேண்டும்.

ஓய்வு தந்தால் கூலி குறையுமோ என்னும் அச்சம் உழைப்போருக்கு உண்டு. ஓய்வு நேரம் வேலை நேரத்தைச் சேர்ந்ததே என நில உடையவரும் நடவுக் குழுவினரும் முன்கூட்டியே பேசி முடிவு செய்ய ஊராட்சி துணை நிற்க வேண்டும். வரும் நடவுப் பருவத்தில் ஒவ்வோர் ஊரிலும் ஒரு வயலிலேனும் இச்சோதனை நடைபெறுமாயின், பல குடும்பங்களின் உடல்நலம் காக்கப்படும் என்பது நம் உறுதி.