வம்சாவளிப் படமும் ஒரு சாட்சி

அன்புள்ள தங்கைக்கு,

குடுபல்லியிலிருந்து திருப்பதி போய், ஸ்ரீ வேங்கடேஸ்வரா பல்கலைக்கழகத்தில் மானிடவியல் படிக்கிறாய். ஆய்வாளராவதா, ஆசிரியராவதா, மக்களோடு சேர்ந்து போராடுவதா என்று கேட்டிருந்தாய். மூன்றுக்கும் அடித்தளம் ஒன்றே. களப்பணியைச் செம்மையாகக் கற்றுக்கொள். மூன்றும் அதிலிருந்தே வளரும்.

நம் துறை பழைய கடன் ஒன்றைச் சுமந்து நிற்கிறது. எட்கர் தர்ஸ்டன் 1909இல் ஏழு தொகுதிகளாகத் தென்னிந்தியச் சாதிகளையும் பழங்குடிகளையும் எழுதி வைத்தார். தலையையும் மூக்கையும் அளந்து மனிதர்களை வகைப்படுத்திய காலம் அது. 1871இல் வந்த குற்றப் பழங்குடிகள் சட்டம் 1911இல் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. உன் மாவட்டத்திலும் வாழும் எருக்கலர் அதன் குற்றப் பட்டியலில் அகப்பட்டார்கள். 1952இல் நாடு முழுவதும் சட்டம் நீங்கியது, சந்தேகப் பார்வை நீங்கவில்லை. ஒரு சமூகத்தைப் பற்றி எழுதும் வரி அதன் பிள்ளைகளைக் காவல் நிலைய வாசலில் நிறுத்தக்கூடும். பேனாவை எடுக்கும்போதெல்லாம் இதை நினைத்துக்கொள்.

அதே பேனா நிலத்தையும் மீட்டுத் தரும். 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டத்துக்கான விதிகள் எவற்றையெல்லாம் சான்றாக ஏற்கின்றன என்று படித்துப் பார். உரிமை கோராத முதியவர்களின் வாக்குமூலத்தை எழுதிக் கொடுக்கலாம். கிணறு, சுடுகாடு, வழிபாட்டு இடம் போன்ற அடையாளங்களைக் காட்டலாம். முன்னோரைக் காட்டும் வம்சாவளியும் செல்லும். வகுப்பில் வட்டமும் முக்கோணமும் போட்டு நீ வரையப் பழகும் உறவுமுறைப் படம் கிராம சபையின் முன் ஆவணமாகிறது. ஒன்றுக்கு மேற்பட்ட சான்று வேண்டும் என்பதால் அரைகுறைக் குறிப்பு உதவாது. பழங்குடியினர் 2005 டிசம்பர் 13க்கு முன்பே அந்த நிலத்தில் இருந்ததைக் காட்ட வேண்டும். மற்றவர்கள் அந்தத் தேதிக்கு முந்தைய மூன்று தலைமுறை வாழ்வை, அதாவது 75 ஆண்டுகளைக் காட்ட வேண்டும்.

ஆகவே பொறுமையாகக் கேள். பெரியவர்கள் ஆண்டுக் கணக்கில் பேச மாட்டார்கள். பஞ்சம் வந்த வருஷம், ஏரி உடைந்த வருஷம், மூத்தவள் வயதுக்கு வந்த வருஷம் என்பார்கள். அவற்றை வரிசைப்படுத்துவது உன் வேலை. பெண்களிடம் தனியே உட்கார்ந்து பேசு. யார் எந்த ஊரிலிருந்து வாழ வந்தாள் என்பது அவர்களுக்குத்தான் துல்லியமாகத் தெரியும். எழுதியதை அவர்கள் பேச்சிலேயே படித்துக் காட்டித் திருத்தி வாங்கு. ஒரு பிரதியை அவர்களிடமே விட்டுவிட்டு வா. யார் காட்டுக்குள் எந்த வழியாகப் போகிறார்கள், எதை விற்கிறார்கள் என்பது போன்ற, அவர்களுக்கு எதிராகத் திரும்பக்கூடிய செய்தி எதையும் குறிப்பேட்டில் ஏற்றாதே.

நில உரிமைக்கு அப்பாலும் உன் பேனாவுக்கு வேலை உண்டு. 2015 ஏப்ரல் 7ஆம் தேதி உன் பல்கலைக்கழகத்துக்கு அருகேயுள்ள சேஷாசலக் காட்டில் தமிழ்நாட்டைச் சேர்ந்த 20 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். செம்மரம் வெட்ட வந்தவர்கள் என்றது காவல்துறை. பெரும்பாலும் திருவண்ணாமலை, தருமபுரி மாவட்டங்களின் ஏழைகள் அவர்கள். ஜவ்வாது மலைப் பழங்குடியினரும் அவர்களில் இருந்தார்கள். கூலியா, முன்பணமா, கடனா, எது அவர்களை எல்லை தாண்ட வைக்கிறது என்று வீடு வீடாகக் கேட்டு எழுத ஆள் வேண்டும். செம்மர வழக்குகளில் ஆந்திரச் சிறைகளில் அடைபட்ட தமிழ்த் தொழிலாளர்களுக்குத் தங்கள் மேல் எழுதப்பட்ட தெலுங்கு வழக்கைப் புரிய வைக்கவும் ஆள் வேண்டும். இரண்டு மொழியும் வீட்டிலேயே கேட்டு வளர்ந்த உன்னைவிட அதற்குப் பொருத்தமானவர் யார்?

கற்பித்தலை இரண்டாம் தரமாக எண்ணாதே. மதனப்பள்ளிக்கு அருகே ரிஷிவேலி கல்வி மையத்தில், பல வகுப்புப் பிள்ளைகள் ஒரே அறையில் அவரவர் வேகத்தில் அட்டைகளைக் கொண்டு கற்கும் முறையை உருவாக்கினார்கள். சென்னை மாநகராட்சி ஆசிரியர்கள் அதைப் பார்த்துக் கற்றுத் திரும்பியதில் பிறந்ததுதான் தமிழ்நாட்டின் செயல்வழிக் கற்றல். கிராமத்துப் பிள்ளை எப்படிக் கற்கிறது என்று கூர்ந்து பார்த்ததுதான் அதன் வித்து. அதுவும் களப்பணியே. தமிழும் தெலுங்கும் கன்னடமும் கலக்கும், உன் ஊரை அடுத்த குப்பம் பக்கத்துப் பள்ளிகளில் வீட்டுப் பேச்சை மதிக்கும் ஆசிரியர் செய்ய வேண்டியது ஏராளம்.

சம்பள வேலையில் சேரத் தயங்காதே. பழங்குடியினர் நலத்துறை, இந்திய மானிடவியல் அளவாய்வு நிறுவனம், தொண்டு நிறுவனங்கள், கல்லூரிகள் என்று வழிகள் உண்டு. பட்டினி கிடந்து செய்யும் சேவை நெடுநாள் நிற்காது. மக்களோடு போராட இறங்கினால், மேடையில் ஒலிவாங்கியை முதலில் வாங்குபவள் நீயாக இருக்காதே. இதற்கு ஓர் எடுத்துக்காட்டு: பாம்புத்தோல் வணிகம் தடைபட்டபின் இருளர் பழங்குடியினருக்குக் கைகொடுத்தது அவர்களுடைய பாம்பறிவுதான். 1978இல் தொடங்கிய, சென்னையை அடுத்த வடநெம்மேலியில் இயங்கும் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் நஞ்சு எடுத்து விற்கிறது. அது மருந்தாகி உயிர் காக்கிறது. பாம்பியலாளர் ரோமுலஸ் விட்டேக்கர் போன்றோர் துணை நின்றார்கள். தொழில் இருளருடையது, சங்கமும் அவர்களுடையது. துணை நிற்பவரின் இடம் எது என்பதை அங்கே பார்த்துக் கற்கலாம்.

வரும் விடுமுறையில் ஒரே ஒரு குடும்பத்தின் வம்சாவளியை நான்கு தலைமுறைக்கு எழுது. அவர்கள் சரி என்று சொல்லும்வரை திருத்து. உன் மதிப்பெண்ணைப் பல்கலைக்கழகம் போடட்டும். அந்தத் தாளை நம்பி அவர்கள் கிராம சபை முன் நிற்க முடிகிறதா என்பதை நீயே பார்த்துக்கொள்.

அன்புடன்,
உன் அக்கா